சொல்லாமல் இறங்கக்கூடாது

அக்காவுக்கு முதல் தடவை தலை சுற்றியபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். குழாயை மூடப் போன அவள் கை, குழாய்க்கு அரைச் சாண் தள்ளி, வெறும் காற்றைப் பிடித்துத் திருகியது. விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அதற்குள் அவள், யாரோ இரண்டு தோளையும் பிடித்து அமுக்கியதுபோல, மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னக்கா?”

“தரை நகருதுடா.”

அவள் கண்களைப் பார்த்தேன். இரண்டு கருவிழிகளும் அவளைக் கேட்காமலே ஒரு பக்கமாக ஓடி, வெட்டித் திரும்பி, மறுபடி ஓடின. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கண் ஓடுமே, அப்படி. ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. போன வாரக் காய்ச்சலில் காது அடைத்ததன் மிச்சம் என்று அவளே வைத்தியம் பார்த்து, அவளே எழுந்து, மிச்சப் பாத்திரத்தையும் கழுவி முடித்தாள்.

துணி தைக்கிறவளுக்கோ கடையில் நிற்கிறவளுக்கோ இது வந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். அக்கா டவர் கிரேன் ஓட்டுகிறவள். இருபது மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், காலையில் ஏறினால் மதியம்தான் இறங்குவாள். அவள் தூக்குவதெல்லாம் கம்பிக் கட்டும் கான்கிரீட் பலகையும். அதன் கீழே மனிதர்கள் நடமாடுவார்கள்.

அந்த மனிதர்களில் நானும் ஒருவன். கட்டடத்தில் எனக்கு சிக்னல் வேலை. சுமை எங்கே வர வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்று கையாலும் வாக்கி-டாக்கியாலும் சொல்வது. அக்காவுக்கு வாக்கியில் பெயர் ‘மேல’. எனக்கு ‘கீழ’. மூன்று வருடமாக இப்படித்தான். “மேல, ரெண்டு அடி இறக்கு.” “கீழ, ரெண்டு அடி.” வேலை நேரத்தில் அக்கா, தம்பி என்ற பேச்சே கிடையாது. அது அவள் போட்ட சட்டம். “உறவு கொண்டாடறதுக்கு வீடு இருக்கு. இங்க எண் மட்டும் பேசு” என்பாள்.

இரண்டாவது தடவை பத்து நாள் கழித்து, கட்டடத்தின் வாசலிலேயே வந்தது. காலையில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தவள், சட்டென்று இரும்பு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன்.

“இன்னிக்கு ஏறாத.”

“போயிடுச்சுடா. பாரு, நேரா நிக்கிறேன்.”

“ஃபோர்மேன்கிட்ட சொல்லலாம்க்கா.”

“சொன்னா?” என்றாள். “டாக்டர் சீட்டு கேப்பாங்க. காதுல கோளாறுன்னு ஒரு வரி எழுதிட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் என்னை ஏத்த மாட்டாங்க. அஞ்சு வருஷம் கால்ல விழாத குறையா நின்னு வாங்கின உரிமம் அது. பொம்பளை ஏறினா கிரேனுக்கே தலை சுத்தும்னு சிரிச்சவங்க இன்னும் இங்கதான் இருக்காங்க. அவங்க வாய்க்கு அவல் நான்தானா?”

நான் வேலியை விட்டு நகரவில்லை. அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“உனக்காக நான் ஒரு தடவை மறைச்சேன். ஞாபகம் இருக்கில்ல?”

ஞாபகம் இருக்கிறது. அதை மறக்க முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எங்கள் அப்பா ஒரு மரக்கிடங்கில் காவல்காரர். பள்ளி விட்டதும் நாங்கள் இருவரும் நேராக அங்கேதான் போவோம். தடி தடியாக மரங்கள் கிடக்கும். அதில் ஒரு உருண்டை மரத்தின் மேல் நீளப் பலகையைக் குறுக்கே போட்டால் எங்கள் சீசா தயார். வெறுமனே உட்கார்ந்து ஏறி இறங்குவது நாலு நாளில் சலித்துவிட்டது. அக்கா ஒரு புது ஆட்டம் கண்டுபிடித்தாள். அவள் ஒரு முனையில், நான் மறு முனையில், எழுந்து நிற்க வேண்டும். பலகையின் எந்த முனையும் தரையைத் தொடாமல் இருவரும் நடுவுக்கு நடந்து வர வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். அவளுக்குப் பதினொரு வயது, எனக்கு எட்டு. அவள் கனம் அதிகம் என்பதால் முனையிலிருந்து கொஞ்சம் தள்ளியே நிற்பாள். நான் ஒரு அடி வைத்தால் அவள் முக்கால் அடிதான் வைக்க வேண்டும். யாராவது ஒருவர் அவசரப்பட்டால் இருவருக்கும் அடி. அதனால் ஒவ்வொரு அடியும் சொல்லிவிட்டுத்தான். “வைக்கட்டா?” “வை.” “வச்சுட்டேன். நீ?” “இரு, ஆடுது… சரி, இப்ப வைக்கிறேன்.” ஒரு மாதம் விழுந்து விழுந்து, முட்டியெல்லாம் தோல் உரிந்து, கடைசியில் பழகிவிட்டோம். பலகை ஆடாமல் நிற்பதே இல்லை என்பது அந்த வயதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அது ஆடும். ஆடுகிற பக்கம் பார்த்து நாமும் கொஞ்சம் ஆட வேண்டும். விறைத்து நின்றவன்தான் விழுவான்.

ஒரு நாள் பாதி வழியில் இருக்கும்போது தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தது. நான் யோசிக்கவே இல்லை. குதித்து ஓடிவிட்டேன். பின்னால் பலகை தரையில் அறைந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அக்கா மரக்கட்டைகளுக்கு நடுவில் கிடந்தாள். கழுத்துக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய தூளியில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அப்பா பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “எப்படிடி விழுந்த?” என்று கேட்டபோது, “நானா வழுக்கிட்டேன்பா” என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு படுக்கையில் அவள் என்னைத் திட்டவில்லை. “சொல்லாம இறங்கக்கூடாதுடா. அவ்வளவுதான்” என்றாள்.

அதனால் இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் சொன்னேன். “இன்னொரு தடவை, மேல இருக்கும்போது வந்துச்சுன்னா, நான் வாக்கில சொல்லிடுவேன். அப்ப கோவிச்சுக்காத.”

“வராது” என்றாள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சுமை தலைக்கு மேலே வரும்போதும் கம்பியைப் பார்க்காமல் கூண்டைப் பார்த்தேன். அவள் “கீழ, ரெண்டு அடி” என்று சொல்லும் குரலில் ஏதாவது நடுக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். பதில் வர ஒரு நொடி தாமதமானால் மறுபடி கூப்பிட்டேன். ஆட்களை எப்போதையும் விட அதிகமாக விரட்டினேன். “தள்ளி நில்லுங்க, இன்னும் தள்ளி.” கம்பி கட்டுகிறவர்களில் மூத்தவர் ஒருவர், எல்லாருக்கும் அவர் பெரியவர்தான், கேலியாகக் கேட்டார்: “என்னப்பா, நேத்து வரைக்கும் ரெண்டு அடி, இன்னிக்குப் பத்து அடி. நாளைக்கு வீட்லயே நிக்கச் சொல்லுவியா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மடியில் கனம் இருக்கிறவனுக்குச் சிரிப்புகூடக் கொஞ்சம் சத்தமாகத்தான் வரும்.

அக்கா நன்றாகத்தான் இருந்தாள். அதாவது, நன்றாக இருக்கிறேன் என்றாள். வீட்டில் சுவரை ஒட்டியே நடப்பதைக் கவனித்தேன். படுக்கும்போது வலது பக்கம் திரும்புவதில்லை என்று அவள் மகள் என்னிடம் சொன்னாள். எட்டு வயது, வாலு என்று கூப்பிடுவோம், அதற்கேற்ற வாய். அவள் அப்பா கப்பல் வேலையில் வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பதால் வீட்டில் உளவு வேலை முழுக்க அவள்தான். “மாமா, அம்மா தூங்கும்போதுகூடக் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கறாங்க” என்றாள்.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. ஒன்பதாவது தளத்துக்குக் கம்பிக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒன்றரை டன். தளத்தில் கம்பி கட்டுகிற ஏழு பேர், அவர்களோடு நான். கட்டு கீழேயிருந்து எழும்பி, எங்கள் மட்டத்தைத் தாண்டி, மேலே வந்து நின்றது. இனி கிரேன் கை வலது பக்கம் திரும்பி எங்கள் தளத்துக்கு நேராக நிற்க வேண்டும். திரும்பியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஒரு ஆள் நீளம் தாண்டிப் போய், வெட்டென்று நின்றது. கம்பிக் கட்டு வீசி ஆடியது. சங்கிலி கிரீச்சிட்டது.

ஆட்டத்தைப் பிடிப்பதில் அக்காவுக்கு நிகர் கிடையாது. சுமை எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கமே கிரேனையும் கொஞ்சம் கொண்டுபோவாள். இரண்டே வீச்சில் கட்டு நின்றுவிடும். அன்று அவள் எதிர்ப்பக்கம் இழுத்தாள். ஆட்டம் இன்னும் பெரிதானது.

“மேல, நில்லு.”

பதில் இல்லை.

“மேல, கேக்குதா?”

வாக்கியில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, “தம்பி” என்றாள்.

மூன்று வருடத்தில் அந்த வாக்கியில் ஒரு தடவைகூட அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“எந்தப் பக்கம் ஆடுதுன்னு சொல்லு. நான் இறக்கிடறேன்.”

அவளுக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு நேரே ஆடுகிற ஒன்றரை டன் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வாக்கியில் பேசினால் கட்டடம் முழுக்கக் கேட்கும். ஃபோர்மேன் குரல் குறுக்கே வந்தது. “என்ன பிரச்சினை அங்க?”

“ஒண்ணுமில்ல சார், காத்து” என்றாள் அக்கா.

காற்றே இல்லை. கட்டடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சை வலை அசையாமல் தொங்கியது. ஏழு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கட்டைப் பிடித்துத் திருப்புவதற்காக வழக்கம்போல இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். என் விரல் பட்டன் மேல் இருந்தது. எட்டு வயதில் குதிக்கும்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தேன். யோசித்தது எத்தனை நொடி என்று தெரியாது. அந்த நொடிகளுக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

பட்டனை அமுக்கினேன்.

“கீழ பேசறேன். எல்லாம் நிறுத்தம். ஒன்பதாவது தளத்துல இருக்கிறவங்க உடனே படிக்கட்டுக்குப் போங்க. போங்க! மேல, கையை எடு. ரெண்டு கையையும் எடு. சார், ஆபரேட்டருக்குத் தலை சுத்துது. ஒரு மாசமா சுத்துது.”

கடைசி மூன்று வார்த்தையை நான் சொல்லத் திட்டமிடவில்லை. தானாக வந்துவிட்டது.

கட்டு ஒரு முழம் இறங்கியது. அவள் இன்னும் விடவில்லை. “அக்கா, கையை எடு” என்று கத்தினேன். வாக்கியில் இல்லை, வெறும் வாயால், அவளுக்குக் கேட்கவே கேட்காத உயரத்தைப் பார்த்து. அப்புறம்தான் மேலே, லீவரை விட்டால் தானாக விழும் பிரேக் ‘டொக்’கென்று விழுந்த சத்தம் வந்தது. கிரேன் உறைந்து நின்றது. கம்பிக் கட்டு மட்டும் காலியான தளத்தின் மேலே, யாரையோ தேடுவதுபோல, இங்கும் அங்கும் போய் வந்தது.

மாற்று ஆபரேட்டர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அதுவரை சுமை தொங்க வேண்டியதுதான். அக்கா வாக்கியில் பேசவில்லை. ஃபோர்மேன் என்னைப் பார்த்த பார்வையில் கேள்விகள் வரிசையாக நின்றன. ஆனால் அவர் கேட்டது ஒன்றுதான். “மேல போறியா?”

எனக்கு உயரம் ஆகாது. சிக்னல் வேலையைப் பிடித்துக்கொண்டதே தளத்தில் நின்றால் போதும் என்பதால்தான். ஒன்பதாவது தளத்திலிருந்து கிரேன் தூணுக்கு ஒரு சின்ன இரும்புப் பாலம் உண்டு. பாதுகாப்பு பெல்ட்டை மாட்டி, அதன் இரண்டு கொக்கிகளையும் சரிபார்த்து, அதில் கால் வைத்தேன். தூணுக்குள்ளே ஏணி. ஒரு கொக்கியைக் கழற்றி மேலே மாட்டு, அடுத்ததைக் கழற்றி மேலே மாட்டு. பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று இரும்பைக் கட்டிக்கொண்டேன். கீழே பார்க்கவில்லை. மேலேயும் பார்க்கவில்லை. மூக்குக்கு நேரே இருந்த துருவை மட்டும் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

கூண்டுக் கதவைத் திறந்தபோது புளித்த வாடை அடித்தது. தலைக்கவசத்தில் வாந்தி எடுத்திருந்தாள். இருக்கையில் சாய்ந்து, கண்ணாடியில் இருந்த ஒரு கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவிழிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினா சுத்தும்” என்றாள்.

“பார்க்க வேணாம்.” அவள் காலடியில், தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இடம் அவ்வளவுதான் இருந்தது.

பிறகு அவள் சொன்னாள்: “திரும்பவும் குதிச்சிட்டடா.”

“இல்லக்கா. இந்தத் தடவை சொல்லிட்டுத்தான் இறங்கினேன். போன மாசமே சொன்னேன்.”

அவள் கீறலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நாமதான் அவங்க ஏழு பேர்கிட்டயும் சொல்லல” என்றேன். “பலகையோட அந்த முனையில நான் மட்டும் இல்லக்கா. அவங்களும் இருந்தாங்க. பெரியவர் கையைத் தூக்கிக்கிட்டு நின்னாரு. உன்மேல அவ்வளவு நம்பிக்கை அந்த மனுஷனுக்கு.”

“போதும்டா.”

“சரி.”

அவள் அழுதாள். அழும்போதும் தலையை அசைக்கவில்லை. அசைத்தால் சுற்றும். கண்ணீர் நேராக இறங்கிக் கழுத்துப் பட்டைக்குள் போனது. சின்ன வயதிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது இரண்டே தடவை. எலும்பு முறிந்த அன்றுகூட அழவில்லை.

மாற்று ஆபரேட்டர் மூச்சு வாங்க ஏறி வந்தார். பேசாத மனிதர். அக்காவை இரண்டு பேருமாகப் பிடித்து நகர்த்தி, கூண்டுக்கு வெளியே இருக்கும் சின்ன மேடையில் உட்கார வைத்தோம். நான்கே நிமிடத்தில் அவர் கட்டைத் தளத்தில் இறக்கிவிட்டார். இறங்கிய சத்தம் கேட்டதும் அக்கா, “மெதுவா வச்சாரா?” என்று கேட்டாள். “பூ மாதிரி” என்றேன்.

இனி அவளை இறக்க வேண்டும். மேலேயிருந்து ஆபரேட்டர் கயிறு பிடிக்க, கீழே நான். அவள் பாதத்தை என் கையால் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மூடினால் இன்னும் மோசம் என்றாள். “அப்போ மூக்குக்கு நேரா இருக்கிற படியைப் பாரு. அதை விட்டு அடுத்ததைப் பாரு.”

“வலது கால். வைக்கட்டா?” என்றாள்.

“இரு. பிடிச்சுக்கிட்டேன். வை.”

“வச்சுட்டேன்.”

“இப்ப இடது.”

“என் எடை தாங்குவியா நீ? உன் உடம்புல என்ன இருக்கு?”

“கைய மிதிக்காம வா, தாங்குவேன்.”

மிதித்தாள். இரண்டு தடவை. நான் விடவில்லை. நூற்றுப் பத்துப் படிகள். பாலத்தைத் தாண்டித் தளத்துக்கு வந்தோம். இரண்டு பேரையும் மற்றவர்கள்தான் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. விசாரணை வைத்தார்கள். ஃபோர்மேன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. “உங்க அக்காவுக்கு வந்தது வியாதி. உனக்கு வந்தது என்ன?” என்று கேட்டார். என்னை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நியாயம்தான். திரும்பி வந்தபோது பெரியவரும் மற்றவர்களும் என்னோடு சண்டை போடவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் நான் போய் உட்கார்ந்ததும், பெரியவர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத் தூண் நிழலுக்குப் போனார். மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் தனியாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது, டப்பாவைத் திறந்து மூடினேன். இப்படி ஏழு வாரம். எட்டாவது வாரம் ஒரு நாள் பெரியவர் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது சுமை வரும்போது அவர் முன்னால் வருவதில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, நான் தலையாட்டிய பிறகுதான் கையைத் தூக்குகிறார். அந்தத் தலையாட்டலுக்கு முன் நான் இரண்டு தடவை மேலே பார்க்கிறேன்.

அக்காவுக்குக் காய்ச்சலில் வலது காதின் உள்ளே இருக்கும் நரம்பு பழுதாகியிருந்தது. உடம்பு நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்று மூளைக்குச் சொல்கிற நரம்பு. அது இனி முழுசாகத் திரும்பாது, மிச்சம் இருப்பதை வைத்து மூளை புதிதாகக் கற்றுக்கொள்ளும் என்றார் டாக்டர். டவர் கிரேன் ஏறலாமா என்று அக்கா கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “ஏற வேணாம்மா” என்றார்.

அக்கா என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு வாலு மூலமாகத்தான் எல்லாம். “மாமாகிட்ட கேளு, டீ வேணுமான்னு.” “வேணும்னு சொல்லு.” “சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னு சொல்லு.” வாலு நடுவில் நின்று, “ரெண்டு பேருக்கும் காது கேக்குது இல்ல? எனக்கு வீட்டுப்பாடம் இருக்கு” என்று ஒரு நாள் கத்திவிட்டுப் போய்விட்டாள். வேறு வழி இல்லாமல் அக்கா, “சர்க்கரை இல்லாம குடிப்பியா?” என்று என்னைப் பார்த்தே கேட்டாள். “குடிப்பேன்” என்றேன். அன்று தொடங்கியது மறுபடி எங்கள் பேச்சு.

மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் அக்காவை விடப் பத்து வயது இளையவள். ஒரு காலில் நிற்கச் சொன்னாள், கோட்டின் மேல் நடக்கச் சொன்னாள், நடந்துகொண்டே பந்தை மேலே போட்டுப் பிடிக்கச் சொன்னாள். அக்காவுக்கு ஒரே எரிச்சல். “ஐம்பது டன் கிரேனை ஒத்தைக் கையால திருப்பினவ நான். என்னைப் பந்து பிடிக்கச் சொல்றா.” ஆனால் பந்து அவள் கையில் நிற்கவில்லை. கோட்டில் நான்கு அடி வைப்பதற்குள் சுவரில் மோதினாள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்கிறீர்கள், அதனால்தான் விழுகிறீர்கள், கொஞ்சம் ஆடுங்கள் என்றாள் அந்தப் பெண். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பயிற்சி செய்ய ஆள் வேண்டும். வாலு பொறுப்பை எடுத்துக்கொண்டாள். மொட்டை மாடியில் சாக்பீஸால் எட்டுக் கட்டம் போட்டு நொண்டி ஆட்டம். அக்கா சின்ன வயதில் நொண்டி ஆடியவள் இல்லை. அவளுக்கு மரக்கட்டையும் பலகையும்தான். அதனால் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வாலு ஈவு இரக்கம் பார்க்கவில்லை. கோட்டை மிதித்தால் ஆட்டம் போச்சு. அம்மா என்பதற்காகச் சலுகை கிடையாது.

நான்கு மாதத்தில் அக்கா தெருவில் தனியாக நடந்தாள். ஆறாவது மாதம் வேலைக்குப் போனாள். அதே நிறுவனம்தான், தரையில். சங்கிலி, கொக்கி, கயிறு எல்லாம் மேலே போவதற்கு முன் அவள் மேசைக்கு வர வேண்டும். ஒரு கண்ணி தேய்ந்திருந்தாலும் சிவப்பு வண்ணம் அடித்து ஒதுக்கிவிடுவாள். “இந்தம்மா கிரேன்ல இருந்தப்பவே நிம்மதியா இருந்தோம்” என்று சாமான் அறைக்காரர் புலம்புகிறார். அவளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சில சமயம் மதிய வேளையில் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு கூண்டையே பார்த்தபடி நிற்பாள். அப்போது நான் அவள் பக்கம் போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை மாடிக்குப் போனேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏழாவது கட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றாள். அடுத்தது திரும்பும் கட்டம். ஒற்றைக் காலில் குதித்து, அந்தரத்திலேயே திரும்பி இறங்க வேண்டும். அவள் உடம்பு வலது பக்கம் சாய்ந்தது. மாடிச் சுவர் இடுப்பளவுதான், அவளிடமிருந்து பத்தடி தள்ளி. நான் பாய்ந்து கையை நீட்டினேன்.

“மாமா! தொடக்கூடாது!” என்று வாலு அலறினாள். “தொட்டா அம்மா அவுட்டு!”

“போடா அந்தப் பக்கம்” என்றாள் அக்கா. சாய்ந்தபடியே, ஒரு கையை ஒரு பக்கம் வீசி, இன்னொரு கையைக் காற்றில் துழாவிக்கொண்டு, இன்னும் அதே காலில் நின்றாள். “நான் இன்னும் விழல.”

கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். உள்ளே விரல்கள் மடங்கியே இருந்தன. அவள் குதித்தாள்.

கோட்டை மிதித்தாளா இல்லையா என்று அம்மாவும் பெண்ணும் இருட்டும்வரை சண்டை போட்டார்கள்.